பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு, தாயை யார் பார்த்தது?

இந்த இதழின் தலையங்கத்தில் சளியைப் பற்றிப் பேசப் போகிறோம். பஞ்சமி நிலம், பொதுச் சுடுகாடு, வன்கொடுமை வழக்குகள் என்று எழுத எவ்வளவோ கிடக்க, சளியையும் இருமலையும் எதுக்கு இழுத்துட்டு வர்றீங்க என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கட்டும். எந்த நோய் யாருக்கு வருகிறது, யாருடைய இருமல் காதில் விழுகிறது, யாருடைய இருமல் காற்றோடு போகிறது என்பதெல்லாம் அரசியல்தான். அதிலும் பிள்ளைத்தாச்சியின் இருமலும் பச்சை உடம்புக்காரியின் இருமலும் யார் காதிலும் விழாத இருமல்கள்.

காசநோயை ஒழித்துக்கட்டும் ஆண்டு 2025 என்று 2018இல் டில்லியில் நடந்த மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். 2025 வந்தது. நோய் போகவில்லை. 2023ஆம் ஆண்டில் உலகத்தில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்தது, 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் செத்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நோய் வந்த அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர்கள். சளிப் பரிசோதனை இலவசம், மருந்து இலவசம், ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிவிடும். அப்படிப்பட்ட ஒரு நோயில்தான் இத்தனை சாவு.

இந்தக் கூட்டத்துக்குள்ளே கர்ப்பிணிகள் எத்தனை பேர்? 2011ஆம் ஆண்டுக்காகப் போடப்பட்ட ஒரு மதிப்பீடு உலகம் முழுக்க 2 லட்சத்து 16 ஆயிரம் கர்ப்பிணிகளுக்குக் காசநோய் இருந்திருக்கும் என்றது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தியப் பெண்கள். இது ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எண்ணி எடுத்தது இல்லை. எண்ணுவதற்கு முதலில் தேட வேண்டும். தேடினால்தானே கிடைக்கும்?

ஏன் தேடவில்லை? கர்ப்பத்தின் இயல்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள வேண்டும். வயிற்றில் வளரும் பிள்ளையைத் தாயின் உடம்பு அந்நியம் என்று தள்ளிவிடாமல் இருக்க, தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதி தன்னைத் தணித்துக்கொள்கிறது. காசநோய்க் கிருமியோடு மல்லுக்கட்டுவதும் அதே பகுதிதான். அதனால் கிருமி வளர இடம் கிடைக்கிறது, ஆனால் அடையாளங்கள் மங்கித் தெரிகின்றன. பிள்ளை பிறந்ததும் எதிர்ப்புச் சக்தி திரும்ப எழுகிறது. அதுவரை பதுங்கிக் கிடந்த நோய் காய்ச்சலாக, இருமலாக, உருகிப்போகும் உடம்பாக வெளியே வருகிறது. இங்கிலாந்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாதத்தில் பெண்களுக்குக் காசநோய் வரும் வேகம் மற்ற காலத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. சோற்றுக்குப் பஞ்சமில்லாத தேசத்திலேயே அப்படி. செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் கிடக்கும் நம்ம பெண்களுக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

கர்ப்பத்தில் அடையாளம் மங்கலாகத்தான் இருக்கும் என்று சொன்னோம். அந்த மங்கல் அடையாளத்துக்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அசதியா? புள்ளத்தாச்சின்னா அப்படித்தான். மூச்சு வாங்குதா? வயிறு தள்ளுதுல்ல, அதான். சாப்பிட முடியலையா? மசக்கை. எடை ஏறலையா? சத்து இல்ல, மாத்திரை சாப்பிடு. பிரசவத்துக்கு அப்புறமோ, பச்சை உடம்பு, பனி ஒத்துக்கல, பால் குடுக்கிறா அதான் இளைச்சிட்டா. ஒவ்வொன்றும் உண்மையாகவும் இருக்கலாம். காசநோயாகவும் இருக்கலாம். எது என்று தெரிய ஒரே வழி கேட்பதும் சளியை எடுத்துப் பார்ப்பதும்தான்.

கேட்க வேண்டியது நாலே நாலு கேள்வி. இருமல் இருக்கா? காய்ச்சல் வந்து வந்து போகுதா? ராத்திரியில் துணி நனையுற மாதிரி வேர்க்குதா? எடை குறையுதா, இல்லை மாசத்துக்கு ஏற்ற எடை ஏறாம நிக்குதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இது நாம் சொந்தமாகக் கண்டுபிடித்த கோரிக்கை இல்லை. பேறுகாலப் பரிசோதனையோடு காசநோய்ப் பரிசோதனையும் சேர வேண்டும் என்று ஒன்றிய சுகாதாரத் துறை 2021இல் வழிகாட்டு நெறியே வெளியிட்டது. தாளில் இருக்கிறது. தாளில் இருப்பது செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும் பெண்ணின் காதுக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் நம் கேள்வி.

தமிழ்நாட்டில் இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. சேரிப் பெண்ணும் வருகிறாள், மலைப் பெண்ணும் வருகிறாள். அரசாங்கத்தின் வாசலுக்கு ஒரு தலித் பெண் தன் வாழ்நாளில் இத்தனை முறை தானாகவே வருவது இந்த ஒரு காலத்தில்தான். எடை பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், பிரஷர், சர்க்கரை, எச்.ஐ.வி. எல்லாம் பார்க்கிறார்கள். நல்லது, பார்க்க வேண்டியதுதான். அதே வரிசையில் நாலு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிடம்.

பிரசவம் முடிந்ததும் என்ன நடக்கிறது? புதன்கிழமை ஊசி நாள். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வருகிறாள். பிள்ளையை எடை போடுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், அட்டையில் எழுதுகிறார்கள். பிள்ளையைத் தூக்கி வந்தவளின் எடையை யாராவது பார்த்தார்களா? அவள் திரும்பி நின்று இருமினால் யாராவது நிமிர்ந்து பார்த்தார்களா? நோய் வெளியே வரும் மாதங்களும் ஊசி போடும் மாதங்களும் ஒன்றேதான். அவளே தேடி வந்து எதிரில் நிற்கிறாள். எல்லாக் கண்ணும் பிள்ளை மேல் இருக்கிறது. அதற்கு முன்னால் எல்லாக் கண்ணும் வயிற்றின் மேல் இருந்தது. பிள்ளை பெறும் பாத்திரமாகப் பெண்ணைப் பார்ப்பது குடும்பத்தின் புத்தி மட்டுமில்லை, அரசாங்கத்தின் புத்தியும் அதுதான். பாத்திரத்தில் இருந்ததை எடுத்தாச்சு, இனிப் பாத்திரம் எப்படிப் போனால் என்ன?

ஆனால் தாயை விட்டுவிட்டுப் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது. கண்டுபிடிக்கப்படாத நோய் தாயின் உயிருக்கு ஆபத்து. குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிள்ளை, பிறந்ததும் சாகும் பிள்ளை என்று அது பிள்ளையையும் விடாது. கைக்குழந்தைக்குக் காசநோய் வந்தால் நுரையீரலோடு நிற்காது, மூளைக்காய்ச்சலாகவும் ஏறும். புனே நகரில் 2002 முதல் 2005 வரை எச்.ஐ.வி. உள்ள 715 தாய்மார்களைப் பிரசவத்துக்குப் பின் தொடர்ந்து கவனித்த ஆய்வில் 24 பேருக்குக் காசநோய் வந்தது. அப்படி நோய் வந்த தாய்களின் சாவு வாய்ப்பு மற்றவர்களைவிட 2.2 மடங்கு. அவர்களுடைய பிள்ளைகளின் சாவு வாய்ப்பு 3.4 மடங்கு. தாயின் இருமலைக் கேட்காமல் பிள்ளைக்குப் போடும் ஊசி பாதி வேலைதான்.

இனி சாதிக்கு வருவோம். கிருமிக்குச் சாதி தெரியாது என்பார்கள். சரி, கிருமிக்குத் தெரியாது. ஆனால் காற்று வராத ஒற்றை அறை வீட்டுக்குத் தெரியும். விறகுப் புகைக்குத் தெரியும். கல் உடைக்கும் தூசிக்குத் தெரியும். பாதி வயிற்றுக்கு நன்றாகவே தெரியும். சாக்கடையிலும் குவாரியிலும் சூளையிலும் பீடிக் கொட்டகையிலும் யார் உழைக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் கிருமி யார் வீட்டில் குடியிருக்கிறது என்றும் தெரிந்துவிடும். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமையை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த நூல் ஒரு விஷயத்தைச் சொன்னது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தார்கள். வீட்டுக்குள் வராதவருக்கு அந்த வீட்டின் இருமல் எப்படிக் கேட்கும்? தெருமுனையில் நின்று பெயர் கேட்டு நோட்டில் டிக் அடித்துவிட்டுப் போவதற்குப் பெயர் பரிசோதனையா?

2019-21இல் நாடு முழுக்க நடந்த காசநோய்ப் பரவல் ஆய்வில் தெரிந்த இரண்டு செய்திகளை ஒவ்வொரு தோழரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அடையாளம் இருந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவே இல்லை. இரண்டு, எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால் கண்டுபிடித்த நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் தவறிப் போயிருப்பார்கள். அதாவது கேள்வி மட்டும் போதாது. கேள்வி முதல் படி. சந்தேகம் வந்தால் சளியை மூலக்கூறு முறைக் கருவியில் பார்க்க வேண்டும். கர்ப்பிணி சளி கொடுப்பதால் அவளுக்கோ பிள்ளைக்கோ ஒன்றும் ஆகாது. மருத்துவர் தேவை என்றால் வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கலாம். அதில் பிள்ளையைச் சேரும் கதிர் மிக மிகக் குறைவு. "மாசமா இருக்கிற பொண்ணுக்கு எக்ஸ்ரேயா, வேணாம் வேணாம்" என்று அனுப்பிவிடுவது அக்கறை மாதிரித் தெரியும். பல நேரம் அதுவே அவளைக் கொல்கிறது.

மருந்து பற்றியும் பயம் இருக்கிறது. தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சாதாரணக் காசநோய்க்குக் கொடுக்கும் நாலு முதல்நிலை மருந்துகளும் கர்ப்பத்தில் கொடுக்கக் கூடியவை. பிள்ளையின் காதைக் கெடுக்கும் என்பதால் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் கூடாது. மருந்தோடு பைரிடாக்சின் என்ற வைட்டமின் மாத்திரையும் சேர வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது மருந்தின் நிறம், ரத்தம் இல்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிபாம்பிசின் அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், வேறு முறை கேட்டு வாங்க வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் மருந்துகள் வேறு. அவற்றில் சில கர்ப்பத்தில் ஆகாதவை, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தச் சேதிகளைச் சொல்ல டாக்டர் பட்டம் வேண்டாம். சொல்லாததால்தான் பாதியில் மருந்தை நிறுத்துகிறார்கள்.

பால் கொடுக்கலாமா? கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். காசநோய் பால் வழியாகப் பரவுவதில்லை, காற்று வழியாகத்தான் பரவுகிறது. வாயையும் மூக்கையும் துணியாலோ முகக்கவசத்தாலோ மூடிக்கொண்டு கொடுக்கலாம். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். சரியான மருந்து தொடங்கினால் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை பெருமளவு குறைந்துவிடும். பிள்ளையைப் பரிசோதித்து, நோய் இல்லை என்றால் தடுப்பு மருந்து கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பாலில் கசியும் மருந்து பிள்ளையைக் கெடுக்காது, ஆனால் பிள்ளைக்கு மருந்தாகவும் ஆகாது. நோயாளியைப் பிரித்து வைத்தால்தான் குடும்பம் பிழைக்கும் என்பது எவ்வளவு பழைய கதை என்பதற்குச் சென்னையே சாட்சி. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், நெரிசலான ஏழை வீடுகளிலேயே மருந்து சாப்பிட்டவர்கள் சானட்டோரியத்தில் படுத்தவர்களைப் போலவே குணமானதையும், அதனால் வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்பதையும் உலகத்துக்குக் காட்டியது.

இந்த இடத்தில் நம்ம ஆண் தோழர்களோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. டீக்கடையில் இரட்டைக் குவளையை எதிர்த்து நம் இயக்கம் ரத்தம் சிந்தியிருக்கிறது. குவளையில் என்ன இருக்கிறது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அப்படிப்பட்ட நம்ம தெருவில், டிபி வந்த மருமகளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், திண்ணையில் தனிப் பாய். பிள்ளையைப் பிடுங்கி மாமியார் கையில் கொடுத்துவிட்டு, "உங்க அம்மா வீட்டுக்குப் போயி நல்லாகிட்டு வா" என்று பஸ் ஏற்றி விடுவது. தட்டிலும் தம்ளரிலும் இந்த நோய் ஒட்டுவதில்லை. பிறகு எதற்கு அந்தத் தனித் தம்ளர்? அடுத்தவன் நமக்குச் செய்தால் தீண்டாமை, நாம் வீட்டுப் பெண்ணுக்குச் செய்தால் சுகாதாரமா? வீட்டுக்குள் இருக்கும் தனிக்குவளையையும் உடைத்துப் போடுங்கள். அவள் நோயை மறைப்பது எதனால் என்றால் இந்தத் தம்ளருக்குப் பயந்துதான்.

அம்மா வீட்டுக்கு அனுப்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் வேறு. ஓர் ஊரில் தொடங்கிய மருந்து இன்னோர் ஊரில் அறுந்து போகிறது. கர்ப்பப் பதிவு எண் எங்கே போனாலும் கூடவே வருகிறது, மருந்து மட்டும் ஏன் வரக் கூடாது?

கடைசியாகச் சோறு. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். சென்னை ஆய்வின் முடிவை வைத்துக்கொண்டு, வீட்டுச் சாப்பாடே போதும், மருந்துதான் முக்கியம் என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். ஜார்க்கண்டின் நாலு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்து, 2023இல் வெளியானது. நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரில் ஒரு பகுதியினருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. நுரையீரல் காசநோய் 48 பங்கு குறைந்தது. அரிசி பருப்புக்கு அவ்வளவு சக்தி. அந்த ஆய்வில் சேர்ந்த நோயாளிகளில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். பட்டினிதான் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் உணவுக்கு என்று 2018இல் தொடங்கினார்கள், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் ஆக்கினார்கள். இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவளுக்கு நாளைக்கு 33 ரூபாய். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 18,000 ரூபாய், அதுவும் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவது பிள்ளை பெறுகிறவளுக்குப் பசிக்காதா? 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது பாபாசாகேப் அம்பேத்கர் எழுந்து ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதனால் அதன் செலவில் பெரும்பங்கை அரசாங்கமே சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். கிட்டத்தட்ட நூறு வருசம் ஆகப்போகிறது. நம்ம பெண் இன்னமும் முப்பதாம் நாள் களையெடுக்கப் போகிறாள்.

முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. காசநோயாளிகளில் ஆபத்தான நிலையில் இருப்பவர்களை எடை, மூச்சு, கால் வீக்கம், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்பது போன்ற சில எளிய அளவுகளால் உடனே பிரித்தறிந்து படுக்கையில் சேர்க்கும் திட்டத்தை 2022 முதல் தமிழ்நாடே நடத்திக் காட்டியிருக்கிறது. மனசிருந்தால் முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. ஆகவே கேட்கிறோம்:

1. ஒவ்வொரு கர்ப்பகாலப் பரிசோதனையிலும் நாலு கேள்வியும் கேட்கப்பட வேண்டும். பதில் தாயின் அட்டையில் எழுதப்பட வேண்டும்.

2. புதன்கிழமை ஊசி நாளில் தாயிடமும் அதே நாலு கேள்வி கேட்கப்பட வேண்டும், அவள் எடையும் பார்க்கப்பட வேண்டும். பிரசவத்துக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் வரை.

3. கர்ப்பிணியின் எடையில் பிள்ளையின் எடையும் சேர்ந்திருப்பதால், மெலிவை அறிய மேல்கைச் சுற்றளவையும் அளக்க வேண்டும்.

4. சளியை ஆஸ்பத்திரிதான் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நிறைமாதப் பெண்ணை டவுனுக்கு அலைய விடக் கூடாது.

5. தாய்வீடு போனாலும் சூளைக்குப் போனாலும் மருந்து அங்கே தொடர வேண்டும்.

6. நோயுள்ள தாய்க்கும் அவள் வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ரேஷனில் தர வேண்டும். எத்தனையாவது பிரசவம் என்று கேட்கக் கூடாது.

7. வட்டார வாரியாகவும், தலித், பழங்குடிக் குடியிருப்பு வாரியாகவும் எத்தனை தாய்களைப் பரிசோதித்தார்கள், எத்தனை பேருக்கு நோய் இருந்தது, எத்தனை பேர் குணமானார்கள் என்ற கணக்கை வெளியிட வேண்டும்.

கிராம சுகாதார செவிலியர்கள் மேல் இன்னொரு நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அரசாங்கம் கை கழுவக் கூடாது. காலி இடங்களை நிரப்பு, ஆளைக் கூட்டு, அப்புறம் வேலையைக் கொடு என்பதும் நம் கோரிக்கைதான். அவர்களும் உழைக்கும் பெண்கள். சேரிக்குள் வர மறுப்பவர்களை எதிர்ப்போம், வேலைப் பளுவில் நசுங்குபவர்களோடு சேர்ந்து நிற்போம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் மாசமாக இருப்பவர்கள் எத்தனை பேர், கைக்குழந்தைக்காரிகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பெண் தோழர்கள் போய்ப் பேசுவது நல்லது. நாலு கேள்வியைக் கேளுங்கள். ஆமாம் என்று சொன்னவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்ச் சளி கொடுக்க வையுங்கள். அவர் பெயரைத் தெருவில் பரப்பாதீர்கள், நோயைவிட வதந்தி வேகமாகப் பரவும். புதன்கிழமை சுகாதார நிலையத்தில் போய் நில்லுங்கள். தாயிடம் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் மனு எழுதுங்கள், கிராமசபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கணக்கைக் கேளுங்கள். மருத்துவமும் செவிலியமும் படிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தங்கள் போராட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம்ம சனங்களின் உடம்பைத் தொடாமலேயே வேலை வாங்கிய சமூகம் இது. நம்ம தாய்களின் இருமலைக் கேட்காமலேயே பிள்ளைக் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டு போக அதை விடக் கூடாது.

- ஆசிரியர் குழு